முறைத் தண்ணீர்

இரவு ஒன்றே முக்காலிலிருந்து நாலு வரை
என் முறை.
சங்கத்து நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
எனக்குக் கீழே பக்கிரிசாமி,
நாலிலிருந்து விடியும்வரை,
வந்தால்.

எங்கள் ஊரில் எந்தக் கணக்கின் முடிவிலும்
இந்த 'வந்தால்' இருக்கும்.
மேட்டூரில் திறந்தது, கல்லணையில் பிரிந்தது,
வெண்ணாற்றில் இறங்கி
ஷட்டர் ஷட்டராகக் குனிந்து
அரிச்சந்திரா நதியைத் தொட்டு
எங்கள் வாய்க்காலுக்குத் திரும்பும்போது
அதற்குக் காவிரி என்று பேர் இல்லை.
கணுக்கால் ஈரம், அவ்வளவுதான்.
இந்தத் தையில் அதுவும் பன்னிரண்டு நாளைக்கு,
பிறகு அணையை மூடிவிடுவார்கள்.

டார்ச்சோடு போனேன்.
நண்டு வளையில் ஒரு கால் போய் வந்தது.
வயலுக்குள் ஆறடி தள்ளி
நட்டு வைத்திருக்கிறேன் ஒரு பிளாஸ்டிக் குழாய்,
வீட்டுக்கு பைப் போட்டபோது மிஞ்சின துண்டு.
வேளாண்மை ஆபீஸ் பெண் காட்டியபடி
கம்பி காய்ச்சிப் பாதிவரை துளை போட்டேன்.
மூடி, கொட்டாங்குச்சி.

உள்ளே குச்சியை விட்டுப் பார்த்தால்
மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தெரியும்.
அரை அடிக்குக் கீழே போனால் பாய்ச்சு.
அதுவரை பயப்படாதே.
பாய்ச்சுவது கஷ்டமில்லை.

மண் மயிரிழை விட்டிருந்தது.
வெடிப்பைக் கண்டால் வயிறு தானாகச் சுருங்கும்,
சம்பா கருகி
வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிய வருஷம்
அங்கேதான் தங்கியிருக்கிறது.
குச்சியை எடுத்தேன்.
ஈரம் நாலு விரல் கீழே.
வேர் எட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறது.
பயிருக்குத் தாகமில்லை.
எனக்குத்தான்.

பக்கிரிசாமிக்கும் எனக்கும்
ஒன்றரை அடி வரப்புக்காகக்
கோர்ட்டில் பதினோரு வருஷம்.
வாய்தாவுக்கு ஒரே பஸ்.
அவர் முன் படியில் ஏறுவார், நான் பின் படியில்.
டார்ச்சை அந்தப் பக்கம் அடித்தேன்.
மயிரிழை இல்லை, விரல் நுழையும்.
எனக்கு இருபது நாள் முன்னால் நட்டவர்,
பயிர் தொண்டை கட்டி நின்றது.
இப்போது காய்ந்தால்
வெளியே வருவது கதிரில்லை, பதர்.

நல்ல மனசென்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
வடிகாலில் தள்ளிவிடலாமா என்று
கால்மணி நேரம் நின்றேன்.
கடலுக்குப் போனால் போகட்டும்,
கடல் என்மேல் கேஸ் போடவில்லை.
அப்புறம் என் மடை மூட்டையை
ஒரு மிதி மிதித்து இறுக்கிவிட்டு
வந்து படுத்துக்கொண்டேன்.
தூங்கவில்லை.
அவிழ்ந்த முந்தானையோடு சந்தைக்குப் போன மாதிரி
விடியும்வரை கை எதையோ தேடிற்று.

காலையில் வாசலுக்கு வந்துவிட்டார்.
"ஒன் மொறையில தண்ணி எனக்கு வந்துருக்கு.
எந்தப் பேப்பர்ல கையெழுத்து வேணும்?"
"ஒண்ணும் வேணாம். எனக்குத் தேவைப்படல."
"தண்ணி தேவைப்படாத குடியானவன்
இந்த வாய்க்கால்ல எவன் இருக்கான்?"
செருப்பைக்கூடக் கழற்றாமல் போனார்.
அவர் வக்கீலிடம்தான் போகிறார் என்று நினைத்தேன்.

நாலாம் நாள்
வயலில் இறங்கியபோது
கொட்டாங்குச்சி மல்லாந்து கிடந்தது,
அதில் ஒரு வாய்ப் பனி.
குழாய்க்குள் நின்றது என் குச்சி இல்லை.
பச்சை மூங்கில், நன்றாகச் சீவியது,
சரியாக அரை அடியில்
ஒரு கத்திக் கீறல்.

வரப்பைப் பார்த்தேன்.
கேஸில் இருக்கிற அந்த ஒன்றரை அடியில்
வந்த காலடி, போன காலடி,
இரண்டும் ஈரமாகவே இருந்தன.
கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தேன்.
மூங்கிலை எடுக்கவில்லை.
வரும் பதினெட்டாம் தேதி வாய்தா.